பதினேழாம் வார்டுக் காடு

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது, அதன்பிறகு களைத்துப்போய் நெடுங்காலம் சும்மா இருந்தது. அந்தச் சோம்பலுக்கு முற்றுப்புள்ளி வைத்து, மண்ணைத் தோண்டாமல், விதை போடாமல், ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமல் காடு வளர்க்கும் முறையைக் கண்டுபிடித்த பெருமை ஒரு மாநகராட்சியின் பூங்காத் துறையையே சேரும். அந்தத் துறையின் மூன்றாவது மாடியில், கழிப்பறைக்கு அடுத்த அறையில், ஜன்னல் என்று எதுவும் இல்லாத சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்து ஊரிலுள்ள மரங்களையெல்லாம் எண்ணிக்கொண்டிருந்தவர்தான் இதற்கு நேர்சாட்சி. அலுவலகத்தில் அவரை மரக்கணக்கர் என்பார்கள். வீட்டில் அவருடைய அக்கா ‘டேய்’ என்பாள்.

மரக்கணக்கர் பதினான்கு வருடங்களாகத் தற்காலிக ஊழியர். தற்காலிகம் என்ற சொல்லுக்கு அரசாங்க அகராதியில் ‘உயிர் உள்ளவரை’ என்று பொருள். அவர் மேசையில் ஒரு தடித்த பதிவேடு இருந்தது. மரத்தின் இனம், உயரம், அடிமரம், நிலை, குறிப்பு என்று ஐந்து பத்திகள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘மேற்கண்டவற்றை நேரில் பார்த்தேன்’ என்று அச்சடித்து, கையெழுத்துக்கு ஒரு கோடு போட்டிருக்கும். அந்தக் கோட்டின்மேல்தான் மாநகராட்சியின் நேர்மை நின்றுகொண்டிருந்தது.

நேரில் பார்ப்பது எப்படி என்பதையும் சொல்லிவிட வேண்டும். மூன்றாம் வார்டு, ஊரின் மேட்டுப்பகுதி. அங்கே மதில்கள் உயரம். மதிலுக்கு மேலே மரங்கள் அதைவிட உயரம். ஒவ்வொரு ஆண்டும் மரக்கணக்கர் பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அந்த வார்டின் வாயிற்கதவு முன்னால் போய் நிற்பார். காவலாளி வருவார்.

“யாரைப் பார்க்கணும்?”

“மரத்தைப் பார்க்கணும்.”

“எந்த வீட்டு மரம்?”

“எல்லா வீட்டு மரமும்தான். மாநகராட்சியிலேருந்து வர்றேன்.”

“வீட்டுலேருந்து போன் பண்ணிச் சொன்னாத்தாங்க உள்ள விட முடியும்.”

“வீட்டுக்குள்ள போக வேணாம். பூங்காவையாவது பார்த்துட்டுப் போறேன். அது பொதுப் பூங்காதானே?”

“பொதுப் பூங்காதாங்க. அட்டை வச்சிருக்கிற பொதுமக்களுக்கு.”

“சரி, உள்ள எத்தனை மரம் இருக்கும், ஒரு குத்துமதிப்பா?”

“நிறைய இருக்குங்க.”

முதல் வருடம் மரக்கணக்கர் பதிவேட்டில் ‘நிறைய’ என்றே எழுதினார். தணிக்கையில் விளக்கம் கேட்டார்கள். அடுத்த வருடம் இரண்டாயிரத்து நூற்று நாற்பது என்று எழுதினார். யாரும் எதுவும் கேட்கவில்லை. அதிலிருந்து வருடத்துக்கு ஏழு கூட்டி எழுதி வந்தார்.

பதினேழாம் வார்டில் இந்தத் தொல்லை கிடையாது. அங்கே மதில் இல்லை, காவலாளி இல்லை, அட்டை இல்லை, மரமும் இல்லை. சரியாகச் சொன்னால் ஒன்றே ஒன்று இருந்தது. பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரம். மாலையானதும் இலைகளை மூடிக்கொண்டு, காலையில் சரியான நேரத்துக்குத் திறந்து நிழலைக் கொடுத்துவிடும். அந்த வார்டில் நேரம் தவறாமல் வேலைக்கு வந்த ஒரே பொதுச்சேவை அதுதான்.

அந்த மரத்தடியில்தான் மரக்கணக்கரின் அக்கா தையல் இயந்திரம் போட்டு, கிழிந்த துணிகளைத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள் தைக்க முடியாது. தகரக் கூரை. காலை பத்து மணிக்கெல்லாம் உள்ளே அடுப்புக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும். ஒருமுறை பிடிவாதமாக உள்ளேயே தைத்து, மத்தியானம் மயங்கி விழுந்து, இயந்திரத்தின் விளிம்பில் நெற்றியைக் கிழித்துக்கொண்டாள். கிழிசல் தைப்பவளுக்கு ஆறு தையல் போட்டார்கள். இனிமேல் வெக்கையில் வேலை செய்தால் பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அன்றைக்கே இயந்திரம் மரத்தடிக்கு வந்துவிட்டது. அவளைச் சுற்றிக் கைக்குழந்தைக்காரிகளும், மருந்தகத்தில் சீட்டு வாங்கியவர்களும், பேருந்துக்குக் காத்திருப்பவர்களும் நிழல் நகர நகரத் தாங்களும் நகர்ந்து உட்காருவார்கள்.

இப்படி மரங்கள் ஒரு பக்கமாகவும் மனிதர்கள் இன்னொரு பக்கமாகவும் இருப்பது சமத்துவத்துக்குப் புறம்பானது என்று ஆணையருக்கு ஒரு நாள் தோன்றிவிட்டது. பெரியவர்களுக்குத் தோன்றிவிட்டால் சும்மா இருக்க மாட்டார்கள், திட்டம் போடுவார்கள். ‘சமநிழல் திட்டம்’ பிறந்தது. எங்கே பசுமை குறைவோ அங்கே மரம் நடுவது, எங்கே உபரியோ அங்கிருந்து எடுத்துக் கொடுப்பது. இதற்கென்றே ஒரு பசுமை ஆலோசகர் வரவழைக்கப்பட்டார். அவர் ஊருக்குள் காலெடுத்து வைக்காமல், வானத்திலிருந்து ஊரைப் படம் எடுத்துப் பச்சையைக் கூட்டிக் கழித்து ஒரு அறிக்கை கொண்டுவந்தார்.

ஆலோசனைக் கூட்டம் குளிரூட்டிய அறையில் நடந்தது. ஆணையர் குளிருக்காகக் கோட்டு போட்டிருந்தார். மூலையில் இருந்த பிளாஸ்டிக் செடியைக் கடைநிலை ஊழியர் ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் போனார். ஆலோசகர் திரையில் படத்தைக் காட்டினார்.

“மூன்றாம் வார்டில் பசுமை வெறும் பத்தொன்பது சதவீதம். எங்கு பார்த்தாலும் சிவப்பு ஓட்டுக் கூரைகள். மனசுக்குக் கஷ்டமா இருக்கு. ஆனா பதினேழாம் வார்டைப் பாருங்க. நாற்பத்தொரு சதவீதம். அடர்ந்த காடு.”

அறையில் இருந்தவர்கள் மேசையைத் தட்டினார்கள். மரக்கணக்கர் மட்டும் தட்டவில்லை. படம் எடுத்த மாதத்தில் மூன்றாம் வார்டின் மரங்களெல்லாம் இலை தெரியாமல் சிவப்பாகப் பூத்திருந்தன என்பது அவருக்குத் தெரியும். பதினேழாம் வார்டின் அடர்ந்த காடு என்னவென்பதும் தெரியும். போன மழையில் அங்கே கூரைகள் ஒழுகியபோது, மாநகராட்சி தன் முத்திரை போட்ட பச்சைத் தார்ப்பாய்களை வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தது. கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போய்க் கொடுத்தவரே அவர்தான்.

பதினான்கு வருடங்களில் முதல்முறையாக மரக்கணக்கர் கூட்டத்தில் கையைத் தூக்கினார்.

“சார், பதினேழுல ஒரே ஒரு மரம்தான் இருக்கு.”

“எங்கேருந்து பார்த்தீங்க?” என்றார் ஆணையர்.

“கீழேருந்துதான் சார்.”

“அதான் கோளாறு. கீழேருந்து பார்த்தா எதிர்ல இருக்கிற மரம்தான் தெரியும். மேலேருந்து பார்த்தாத்தான் காடு தெரியும்.”

“அது காடு இல்ல சார். நாம கொடுத்த தார்ப்பாய்.”

ஆலோசகர் தன் அறிக்கையைத் திருப்பிப் பார்த்தார். ஆணையர் மட்டும் கலங்கவில்லை. நிர்வாகம் என்பது சும்மா வருவதில்லை.

“அந்தத் தார்ப்பாய் வெயிலை மறைக்குதா?”

“ஓரளவுக்கு மறைக்குது சார், ஆனா...”

“மழை வந்தா தடுக்குதா?”

“கிழியாம இருந்தா தடுக்கும் சார்.”

“காத்தடிச்சா அசையுதா?”

“நல்லாவே அசையும் சார்.”

“அப்புறம் மரத்துக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்? இலை கொட்டாது, குருவி எச்சம் போடாது, தண்ணி கேக்காது. நம்மளை அறியாம நாம மூவாயிரத்து இருநூறு மரம் நட்டிருக்கோம். அதைப் போய்க் குறையாச் சொல்றீங்களே.”

கூட்டம் முடிந்ததும் ஆணையர் அவரைத் தனியாகக் கூப்பிட்டார். மேசையில் ஒரு பழைய கோப்பு இருந்தது. மேலே மரக்கணக்கரின் பெயர்.

“பணி நிரந்தரம் கேட்டு எழுதியிருக்கீங்க. எத்தனை வருஷமாச்சு?”

“பதினாலு சார்.”

“பாவம். இந்தப் பதினேழாம் வார்டுப் பக்கத்துல மட்டும் கையெழுத்து போட்டுட்டா, இதையும் பார்த்துடலாம்.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது கஷ்டம் என்பார்கள். கையெழுத்தில் மறைப்பது அவ்வளவு கஷ்டமில்லை. ‘நேரில் பார்த்தேன்’ என்ற எழுத்துகளுக்குக் கீழே மரக்கணக்கர் தன் பெயரை எழுதினார்.

கையெழுத்து விழுந்தவுடன் சமத்துவம் மளமளவென்று நடந்தது. மூன்றாம் வார்டு, ‘பசுமையில் பின்தங்கிய பகுதி’ ஆனது. அந்தச் செய்தி கேட்டு அங்கே குடியிருப்போர் சங்கத்தினர் கறுப்புப் பட்டை அணிந்து, எத்தனை தலைமுறைக்கு இந்த ஓரவஞ்சனையைப் பொறுப்பது என்று மனு கொடுத்தார்கள். அந்த ஆண்டின் மரக்கன்றுகள் அத்தனையும் அவர்களுக்கே ஒதுக்கப்பட்டன. பதினேழாம் வார்டுக்கு ‘பசுமைச் சிகரம்’ என்ற கேடயம். ஒரு கையால் கொடுத்தால் இன்னொரு கையால் வாங்க வேண்டுமல்லவா? உபரி வார்டிலிருந்து வளர்ந்த மரம் ஒன்றை எடுத்து, பின்தங்கிய வார்டில் நடுவது என்றும் முடிவானது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மரங்களில் ஏன் ஒன்றே ஒன்று என்று யாரோ கேட்டதற்கு, மற்றவற்றுக்கு வேர் எங்கே இருக்கிறது என்று படத்தில் தெரியவில்லை என்று ஆலோசகர் விளக்கினார்.

இதற்கிடையில் பதினேழாம் வார்டு சைக்கிள் கடைக்காரர் அலுவலகத்துக்கு ஓடிவந்தார். கையில் ஒரு நோட்டீஸ்.

“என்னங்க இது? அனுமதி இல்லாம மரம் வெட்டினேன்னு போட்டிருக்கு. நான் மரத்தைக் கண்ணால பார்த்தே வருஷமாகுது.”

மரக்கணக்கர் வாங்கிப் படித்தார். “உங்க கூரையில பச்சைத் தார்ப்பாய் இருந்துச்சே?”

“அது கிழிஞ்சு போச்சுங்க. எடுத்துட்டு நீலத் தார்ப்பாய் போட்டேன்.”

“அதான். புதுப் படத்துல ஒரு மரம் குறையுது.”

“ஐயா, நான் கூரை மாத்தினேங்க.”

“சட்டப்படி அது மரம் வெட்டினதுங்க. வெட்டின ஒரு மரத்துக்குப் பதிலா பத்து மரம் நடணும்.”

இதைச் சொல்லும்போது மரக்கணக்கருக்கே தன் வாயைப் பொத்திக்கொள்ளலாம் போலிருந்தது. சைக்கிள் கடைக்காரர் பத்துப் பச்சைத் தார்ப்பாய்களைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு போய், கடைக்கூரையிலும் சாக்கடை மேலும் விரித்துக் கட்டினார். வார்டின் பசுமை மேலும் உயர்ந்ததாக அந்த மாத அறிக்கை பாராட்டியது.

அன்று மாலை மரக்கணக்கர் வீட்டுக்குப் போகும் வழியில் அக்கா இன்னும் மரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தாள். மரத்தைப் பெயர்த்து மூன்றாம் வார்டுக்குக் கொண்டுபோகும் உத்தரவு மரத்திலேயே ஒட்டியிருந்தது.

“டேய், இதுல உன் கையெழுத்து இருக்கு.”

“அது நகல்க்கா. எல்லாத்துலயும் இருக்கும்.”

“மூவாயிரம் மரம் இருக்குன்னு எழுதியிருக்கு. கீழே நேரில் பார்த்தேன்னு வேற இருக்கு. எங்கடா பார்த்தே?”

அவர் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார்.

“மரம் வச்சவன் தண்ணி ஊத்துவான்னு சொல்லுவாங்க. மரத்தைப் பிடுங்கினவன் என்னத்தைடா ஊத்துவான்?”

“எனக்கு நிரந்தரம் ஆகப்போகுதுக்கா. ஆனதும் உனக்கு வீட்டுல ஒரு நல்ல ஃபேன் வாங்கிப் போடறேன்.”

“ஃபேன் என்ன பண்ணும்? சுடு காத்தை எடுத்து மூஞ்சியில அடிக்கும். பதினாலு வருஷமா தற்காலிகமா இருந்தப்பகூட நீ பொய் எழுதினதில்லைன்னு நினைச்சேன். நீ நிரந்தரமாயிடுவே. இத்தனை வருஷமா நின்ன மரம் தற்காலிகமாயிடுச்சா?”

பதிவேட்டில் வருடத்துக்கு ஏழாகக் கூட்டிய மரங்கள் அவருக்கு நினைவு வந்தன.

மறுநாள் காலை பெரிய வண்டியும் தோண்டும் இயந்திரமும் வந்தன. கிளைகளோடு ஏற்றினால் மின்கம்பியில் இடிக்கும் என்று ஓட்டுநர் சொன்னார். எனவே முதலில் கிளைகளை எல்லாம் வெட்டிப் போட்டார்கள். அரை மணி நேரத்தில் மரம் வெறும் கட்டையாக நின்றது. பிறகு வேரோடு பெயர்த்து, ஈரச்சாக்கு சுற்றி, மேட்டுக்குக் கொண்டுபோனார்கள். மரம் இருந்த இடத்தில் வெயில் வந்து உட்கார்ந்துகொண்டது. மருந்தகத்துச் சீட்டுக்காரர்கள் வெகுநேரம் எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றார்கள். அக்கா இயந்திரத்தை வீட்டுக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டாள். நெற்றித் தழும்பின் மேல் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு தைக்க ஆரம்பித்தாள். ஒரு வாரத்தில் இரண்டு முறை அவளுக்குத் தலை சுற்றியது. தம்பியிடம் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது.

கேடயம் வழங்கும் விழா அடுத்த வாரம் நடந்தது. ஆணையருக்குக் காலையில் வேறு விழாக்கள் இருந்ததால் நண்பகல் பன்னிரண்டு மணிக்கு நேரம் ஒதுக்கப்பட்டது. மரத்தைப் பெயர்த்த குழியை மூடி, அதன்மேலேயே மேடை போட்டார்கள். பந்தல் போடலாமா என்று மரக்கணக்கர் கேட்டார். ஆலோசகர் பதறிவிட்டார்.

“பசுமைச் சிகரத்துல பந்தலா? மேலேருந்து படம் எடுக்கப்போறோம். நாற்பத்தொரு சதவீதக் காட்டுக்குள்ள நிழலுக்குப் பந்தல் போட்டா பார்க்கிறவங்க சிரிக்க மாட்டாங்க?”

ஆகவே பந்தல் இல்லை. தலைக்கு மேலே படம் எடுக்கும் சிறு விமானம் ஒன்று ஈ மாதிரி ரீங்கரித்துக்கொண்டிருந்தது. ஆணையர் கோட்டைக் கழற்றாமல் மேடையேறினார். நூறு பேர் வெயிலில் நின்றார்கள். அவர்களுக்குப் பழக்கம். ஆணையர் காகிதத்தைப் பிரித்தார்.

“நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள் நம் முன்னோர்...”

அந்த ஒரு வாக்கியத்தில் அவர் சொன்னது சத்தியம். அடுத்த வாக்கியத்துக்கு அவர் போகவில்லை. கேடயத்தைப் பிடித்தபடியே மேடையில் சரிந்துவிட்டார்.

“நிழலுக்குத் தூக்கிட்டுப் போங்க” என்று ஆலோசகர் கத்தினார். தூக்குவதற்கு ஆள் இருந்தது. நிழல்தான் இல்லை. நாலு திசையிலும் திரும்பிப் பார்த்த ஆலோசகரின் கண்கள் கடைசியில் மரக்கணக்கரிடம் வந்து நின்றன.

“இங்க ஒரு மரம் இருந்துச்சுன்னு சொன்னீங்களே, எங்க அது?”

“நீங்க நிக்கிறது அதோட குழி மேலதாங்க.”

வீட்டுக்குள் கொண்டுபோகலாம் என்றார் ஒருவர். உள்ளே போனால் சீக்கிரமே போய்விடுவார் என்றார் இன்னொருவர். அதற்குள் அக்கா தன் வீட்டுக் கூரையிலிருந்து பச்சைத் தார்ப்பாயை உருவி இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். இன்னும் மூன்று பெண்கள் ஓடிவந்தார்கள். ஆளுக்கொரு முனையைப் பிடித்து, ஆணையருக்கு மேலே உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிடம் ஆனது. யாரும் கையை இறக்கவில்லை. அக்காவின் நெற்றியில் கட்டியிருந்த துணி காய்ந்து, கண் செருகிச் செருகித் திறந்துகொண்டிருந்தது. மரக்கணக்கர் போய் முனையை வாங்கப் பார்த்தார். அவள் கொடுக்கவில்லை.

“நீ போய் எண்ணுடா” என்றாள்.

ஆணையர் மெல்லக் கண் விழித்தார். தலைக்கு மேலே பச்சை. காற்றில் லேசாக அசைந்தது.

“அருமையான நிழல். இது என்ன மரம்?”

“நீங்க வச்ச மரம்தாங்க” என்றாள் அக்கா.

ஆணையர் நெகிழ்ந்துபோனார். மறுநாளே உடல் தேறி அலுவலகம் வந்து, மேலிருந்து எடுத்த படத்தைப் பார்த்தார். மேடை இருந்த இடத்தில் புதிதாக ஒரு பச்சைப் புள்ளி. இதை ‘ஆணையர் நட்ட மரம்’ என்று பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று உத்தரவு வந்தது. கூடவே ஒரு உறையில் மரக்கணக்கரின் பணி நிரந்தர ஆணையும் வந்தது. பதிவேடு கைக்கு வந்ததும் அந்த ஆணையில் கையெழுத்திட்டுத் தருவதாக ஆணையரின் குறிப்பு.

மரக்கணக்கர் உறையை ஓரமாகத் தள்ளி வைத்தார். பதிவேட்டைத் திறந்து, ஒவ்வொரு பத்தியாக நிறுத்தி எழுதினார்.

இனம்: தார்ப்பாய். உயரம்: ஐந்தே கால் அடி, கையைத் தூக்கினால் ஆறரை. அடிமரம்: நான்கு, நான்கும் பெண்கள், ஒருத்தி என் அக்கா. நிலை: வெயிலில் நிற்கிறது. குறிப்பு: இதன் நிழல் படுத்திருந்தவர்மேல் மட்டும் விழுந்தது, பிடித்துக்கொண்டு நின்றவர்கள்மேல் விழவில்லை. இந்த வார்டில் இருந்த ஒரே மரத்தை என் பொய்க் கையெழுத்தால் பிடுங்கிக்கொண்டுபோனோம். வேறு மரம் இல்லை.

பக்கத்தின் அடியில் ‘நேரில் பார்த்தேன்’ என்று அச்சடித்திருந்தது. இந்த முறை பொய் இல்லாமல் அதன் கீழே கையெழுத்துப் போட்டு, வேலை போனாலும் போகட்டும் என்று மேலே அனுப்பினார்.

அவர் பயந்தபடி எதுவும் நடக்கவில்லை. மாலைக்குள் பதிவேடு ஒப்புதலாகித் திரும்பி வந்தது. ஆணையர் பச்சை மையில் எழுதியிருந்தார்:

‘பார்த்தேன். மகிழ்ச்சி. அடிமரம் நான்கு இருப்பதால் நான்கு மரங்களாகக் கணக்கிடவும். ஒன்றை அங்கேயே வைத்துக்கொண்டு, உபரி மூன்றையும் மூன்றாம் வார்டுக்கு அனுப்பவும். வழக்கம்போல் கிளைகளை வெட்டிய பிறகே வண்டியில் ஏற்றவும்.’